அப்பா ஆட்டிய தலை

"அப்பா தலையாட்டினாரு சிந்து. நான் என் கண்ணால பார்த்தேன்."

ஜவஹர் இப்படிச் சொல்லி ஒரு வாரம் ஓடிவிட்டது. அந்த ஒரு வாரமாகச் சிந்துவுக்குச் சோறு இறங்கவில்லை. கூடப் பிறந்த அண்ணனை நம்பவும் முடியாமல், நம்பாமல் இருக்கவும் முடியாமல் அவள் பட்ட பாடு பகையாளிக்கும் வரக்கூடாது.

நடந்தது இதுதான். ஆடித் தள்ளுபடிக்காக வந்திறங்கிய சேலைக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, கடையிலேயே சரிந்து விழுந்தார் அய்யாதுரை. பக்கவாதம். வலது கையும் பேச்சும் போய்விட்டன. அடையாறில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் ஜவஹர் தனியாக ஐ.சி.யூ.வுக்குள் போனான். வெளியே வந்தவன் சிந்துவிடம் சொன்ன முதல் வார்த்தையே, "கடையைக் கொடுத்துரலாமாப்பான்னு கேட்டேன். சரின்னு தலையாட்டிட்டாரு" என்பதுதான்.

அன்று இரவே அய்யாதுரைக்கு மூச்சுத் திணறியது. வாயில் குழாய், உடம்பில் மயக்க மருந்து. அதற்கப்புறம் அவரிடம் யாரும் எதையும் கேட்க முடியவில்லை. என்ன சௌகரியம் பாருங்கள்! சாட்சி சொல்ல வேண்டிய ஒரே மனுஷர் கண் திறக்காமல் கிடக்கிறார்.

கடை என்றால் சாதாரணக் கடையா? தி. நகரில் இண்டு இடுக்கெல்லாம் கூட்டம் நெரியும் தெருவில், திசையன்விளையிலிருந்து மஞ்சள் பையோடு வந்த அய்யாதுரை, பெண்டாட்டி பேரில் ஆரம்பித்த 'தங்கம் ஜவுளி'. அவருக்குப் பக்கத்து ஸ்டூலில் சிந்து உட்கார ஆரம்பித்தது கல்லூரி முடித்த கையோடு. முப்பத்தைந்து வயதாகியும் அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கேட்பவர்களிடம், "எனக்கும் கடைக்கும் தாலி கட்டியாச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவாள். ஜவஹர் அப்படியில்லை. சின்ன வயதிலேயே பாளையங்கோட்டை ஹாஸ்டல், அப்புறம் இன்ஜினியரிங், இப்போது கம்ப்யூட்டர் கம்பெனி, கொட்டிவாக்கத்தில் ஃப்ளாட். கடைப் படியேறுவது சரஸ்வதி பூஜைக்கு மட்டும்.

கடையை விலைக்குக் கேட்டு நிற்பவர்கள் பக்கத்தில் நாலு மாடிக் கடை வைத்திருக்கும் பெரிய முதலாளிகள். இன்று ஆனி மாதக் கடைசி நாள். விடிந்தால் ஆடி. ஆடியில் நல்ல காரியம் பேச மாட்டார்கள் என்பதால், இன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து தாம்பூலம் மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. பத்திரமெல்லாம் பிறகுதான். ஆனால் இவர்கள் ஊர்க்காரர்களுக்குப் பத்திரத்தைவிட வெற்றிலை பெரிது. தாம்பூலத் தட்டு கை மாறிவிட்டால் அப்புறம் பேச்சு மாறியவனுக்கு வியாபாரிகள் சங்கத்தில் நாற்காலி கிடைக்காது.

சாயங்காலத்துக்குள் உண்மை தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் கடை போச்சு.

*

காலையிலேயே சிந்து அம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். ரவுண்ட்ஸ் முடித்துக்கொண்டு வெளியே வந்த டாக்டர் அதீபாவை வழிமறித்தாள்.

"டாக்டர், ஒரே ஒரு கேள்வி. எங்கண்ணன் அப்பாகிட்ட பேசினானே, அன்னைக்கு அவருக்குக் கான்ஷியன்ஸ் இருந்துதா?"

டாக்டர் அதீபாவுக்குச் சின்ன வயது. சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"கான்ஷியஸா இருந்தாரான்னு கேக்கறீங்க, இல்லையா? கான்ஷியன்ஸ்னா வேற."

சிந்துவுக்கு முகம் சிவந்துவிட்டது. போனில் சண்டை போட்டபோது ஜவஹர், "அப்பா ஃபுல் கான்ஷியஸா இருந்தாரு. என் கான்ஷியன்ஸும் க்ளியரா இருக்கு" என்று படபடவென்று பொரிந்திருந்தான். இரண்டும் ஒன்றுதான் போலிருக்கிறது என்று இவள் நினைத்திருந்தாள்.

"என்ன வித்தியாசம் டாக்டர்?"

"கான்ஷியஸ்னா நினைவோட இருக்கறது. கூப்பிட்டா திரும்பிப் பார்க்கறது, கையைத் தூக்குன்னா தூக்கறது. கான்ஷியன்ஸ்னா மனசாட்சி. முதலாவதை அளக்க எங்ககிட்ட வழி இருக்கு. ரெண்டாவதுக்கு எந்த ஸ்கேனும் கிடையாது."

"அந்த ரெண்டாவது யாருக்கு இருக்குன்னுதான் டாக்டர் ஒரு வாரமா நானும் தேடிக்கிட்டிருக்கேன்."

டாக்டர் என்ன புரிந்துகொண்டாரோ, குரலைத் தணித்தார். "அன்னைக்கு அவர் நல்ல நினைவோடதான் இருந்தார். பேச்சு வரலையே தவிர, சொன்னதெல்லாம் புரிஞ்சுது. நாளைக்குக் காலையில மயக்க மருந்தைக் குறைக்கப் போறோம். கண் முழிச்சா நீங்களே கேளுங்க."

நாளைக்கா? நாளைக்கு யாருக்கு வேண்டும்? தாம்பூலம் இன்றைக்கல்லவா!

திரும்பி வந்தால், நாற்காலியில் இருந்த தங்கம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்திருந்தாள்.

"என்னட்டி கேட்ட அந்தப் பிள்ளைகிட்ட?"

"அப்பாவுக்கு அன்னைக்கு நினைவு இருந்துதான்னு கேட்டேன்."

"அதெல்லாம் எதுக்குட்டி இப்பம்? சாயங்காலம் ஆளுங்க வாராவ. வீட்டைக் கூட்டணும், கேசரி கிண்டணும். நீ இங்க கிட, நான் போறேன்." தங்கம் மகளுடைய முகத்தைப் பார்க்காமலேயே லிஃப்ட் பக்கம் நடந்தாள்.

பாவம், அம்மா ஒடிந்துபோய்விட்டாள் என்றுதான் சிந்துவுக்குத் தோன்றியது.

அப்பாவுக்கு நினைவு இருந்தது. சரி. அப்படியானால் அண்ணன் பொய் எங்கே இருக்கிறது? தலையாட்டியதிலா? அப்பா தலையே ஆட்டவில்லையா? அண்ணன் கேட்கவே இல்லையா? உள்ளே போனவன் ஒருத்தன்தான். அவன் சொல்வதுதான் வேதம். மத்தியானம் தாண்டியும் இப்படியே குடைந்துகொண்டிருந்தபோதுதான் வார்டு ஆயா தேவானை பக்கெட்டோடு வந்தாள். பட்டினப்பாக்கத்துக்காரி. அய்யாதுரைக்கு உடம்பு துடைத்துவிடுவது அவள்தான்.

"இன்னாக்கா, மூஞ்சே செரியில்ல? துண்ணியா?"

"தேவானை, எங்கண்ணன் அப்பாகிட்ட தனியா பேசினானே, அப்ப நீ உள்ள இருந்தியா?"

"இருந்தேனே. பக்கத்து பெட்டுல தொடைச்சிக்கினு இருந்தேன். உன் அண்ணன் பாவம்க்கா. உங்கப்பா கைய புடிச்சிக்கினு ஒரே அழுவாச்சி. கடைய குட்த்துடலாமாப்பா, குட்த்துடலாமாப்பான்னு கேட்டுகினே இருந்துச்சு."

"அப்பா தலையாட்டினாரா?"

"ஆட்னாரே! ரெண்டு வாட்டி. கண்ண நல்லா இறுக்க மூடிக்கினு இப்டி, இப்டி." தேவானை கண்ணை மூடி, தாடையை நெஞ்சுக்குக் கொண்டுவந்து மெதுவாக ஆட்டிக் காட்டினாள்.

சிந்துவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

*

ஏன் என்று சொல்லியாக வேண்டும்.

கல்லாவில் உட்கார்ந்தவன் வாயிலிருந்து 'இல்லை', 'முடியாது' என்ற வார்த்தை வரக்கூடாது என்பது அய்யாதுரையின் சட்டம். வாயால் மட்டுமல்ல, தலையாலும் சொல்லக்கூடாது. வாடிக்கையாளர் ஒரு பட்டுச் சேலையை மடியில் போட்டுக்கொண்டு விலையைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டுவார். விற்பனையாள் கல்லா பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, கேக்கறாங்க, கொடுத்துரலாமா?" என்பான். அண்ணாச்சி எப்போதும் தலையை ஆட்டுவார். கண்ணைத் திறந்துகொண்டு ஆட்டினால் 'கொடு'. கண்ணை மூடிக்கொண்டு ஆட்டினால் 'ஒருக்காலும் கொடுக்காதே, நயமாகப் பேசி வேறு சேலையைக் காட்டு'. முதலாளி முடியாது என்றதாக வாடிக்கையாளருக்குத் தெரியாது. மனம் நோகாமல் போவார், மறுபடியும் வருவார்.

வருஷக்கணக்கில் ஆட்டி ஆட்டி அது அவருக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டிலும் அப்படித்தான். "அப்பா, சினிமாவுக்குப் போகலாமா?" என்று சின்ன வயதில் சிந்து கேட்டால் முதலில் அவர் கண்ணைத்தான் பார்ப்பாள்.

'கொடுத்துரலாமா' என்று அண்ணன் கேட்டிருக்கிறான். கடையில் தினம் நூறு முறை கேட்ட அதே வார்த்தை. அப்பாவும் தினம் நூறு முறை சொன்ன பதிலையே சொல்லியிருக்கிறார். கொடுக்காதே!

கடையில் உட்காராதவனுக்கு இது தெரியாது. ஆனால் நிஜமாகவே தெரியாதா? இத்தனை வருஷம் அப்பாவின் மகனாக இருந்தவனுக்கா? தெரிந்தேதான் கண் விஷயத்தை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டானோ? 'தலையாட்டினாரு, தலையாட்டினாரு' என்றே இத்தனை நாளும் சொன்னானே, கண் மூடியிருந்ததைப் பற்றி மூச்சுவிட்டானா?

சந்தேகம் என்பது ஈரச் சேலையில் பிடித்த பூஞ்சணம் மாதிரி. ஒரு மடிப்பில் வந்தால் எல்லா மடிப்பிலும் வந்துவிடும். சிந்து ஆட்டோவைப் பிடித்து, "தி. நகர். சீக்கிரம் போங்க" என்றாள். நந்தனம் சிக்னலில் வண்டி நின்றபோது டிரைவரை விரட்டாத குறை.

*

வீட்டு ஹாலில் ஜமக்காளம் விரித்தாகிவிட்டது. ஜவஹர் வேட்டி கட்டிக்கொண்டு, நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி செண்பகம் பூ வைத்த தலையோடு பழத்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே வந்தாள் சிந்து.

"அப்பா கண்ணை மூடிக்கிட்டுத்தானே தலையாட்டினாரு?"

ஜவஹர் நாற்காலியைக் கீழே வைத்தான். "என்ன?"

"கேக்கறதுக்குப் பதில் சொல்லு. கண்ணை மூடிக்கிட்டா, திறந்துக்கிட்டா?"

"மூடிக்கிட்டுத்தான். உடம்பு முடியாதவரு, அசதியில மூடியிருப்பாரு. அதுக்கென்ன இப்ப?"

"அதுக்கென்னவா? கடையில அதுக்குக் கொடுக்காதேன்னு அர்த்தம்! கல்லாவுல நிக்கற பையனுக்குக்கூடத் தெரியும். உனக்குத் தெரியாதா? தெரிஞ்சுக்கிட்டே மறைச்சிருக்கே. அப்பா முழு நினைவோட வேண்டாம்னு சொன்னதைச் சரின்னு மாத்திச் சொல்லி வித்துட்டுப் போகப் பார்க்கறே. நீயெல்லாம் ஒரு மகனா? பொய்யன்! மனசாட்சி இல்லாத பொய்யன்!"

செண்பகம் தட்டை ணங்கென்று வைத்தாள். "வார்த்தையை அளந்து பேசுங்க. ஒரு வாரமா அந்த ஆஸ்பத்திரி நாற்காலியிலயே தூங்கி முதுகு புடிச்சுக்கிட்டுக் கிடக்காரு. அவரைப் போய்ப் பொய்யன்னா…"

"நீ சும்மா இரு செண்பகம்" என்றான் ஜவஹர். "எனக்குத் தெரியாதுதான். நான் எப்ப அங்க உக்காந்தேன்? எட்டு வயசுல ஹாஸ்டல்ல கொண்டுபோய் விட்டீங்க. லீவுக்கு வந்தா விருந்தாளி மாதிரி பாத்தீங்க. அப்பாவோட கண்ணு எப்ப மூடும், எப்ப திறக்கும்னு உனக்குத் தெரியும். எனக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?"

சிந்து வாயை மூடிக்கொள்ளவில்லை. "அப்ப ஏன் ஒரு தடவைகூடக் கண்ணு மூடியிருந்துதுன்னு சொல்லலை?"

"சொன்னேனே! உன்கிட்ட இல்ல. அம்மாகிட்ட. எனக்கே மனசுக்குள்ள ஒரு மாதிரிதான் இருந்துது. வெளிய வந்ததும் முதல்ல அம்மாவைத்தான் கேட்டேன். கண்ணை மூடிக்கிட்டே ஆட்டறாரும்மா, அதுக்கு என்னம்மா அர்த்தம்னு. சம்மதம்னுதான்யா அர்த்தம்னு அம்மா சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் உன்கிட்டயே வந்து சொன்னேன்."



"அம்மாவா சொன்னாங்க?"

"போய்க் கேளு. அடுப்படியிலதான் இருக்காங்க."

*

தங்கம் கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். அடி பிடிக்கிற வாசம் வந்தும் கரண்டி நின்றே இருந்தது. ஹாலில் போட்ட சத்தம் மொத்தமும் கேட்டிருக்கும்.

சிந்து அடுப்பை அணைத்தாள். "அம்மா. கண்ணை மூடிக்கிட்டு ஆட்டினா அப்பாவுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?"

தங்கம் முந்தானையில் கையைத் துடைத்தாள். ஒரு விரலை விடாமல் துடைத்தாள்.

"தெரியாமலாட்டி? அந்தத் தலையோடதானே குடித்தனம் பண்ணியிருக்கேன். ஊருக்குப் போவமான்னு கேட்டா கண்ணை மூடிக்கிட்டு ஆட்டுவாவ. கோயிலுக்குப் போவமான்னா கண்ணை மூடிக்கிட்டு ஆட்டுவாவ. எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?"

"அப்ப ஏம்மா அண்ணன்கிட்ட…?"

"பொய்தான் சொன்னேன்." தங்கம் நிமிர்ந்து பார்த்தாள். "பொழைச்சு எந்திச்சார்னா உங்கப்பா நேரா எங்கட்டி போவாரு? வீட்டுக்கா? கல்லாவுக்குத்தான் போவாரு. மறுபடி அங்கேயே விழுவாரு. போர்டுல பேரு மட்டும்தான் எனக்கு. மனுசன் அந்தக் கடைக்கு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் மத்தியானச் சோறு என்கூட உக்காந்து தின்னிருக்காரா, கேளு. கடை இல்லேன்னா அவரு எனக்குக் கிடைப்பாருன்னு நினைச்சேன்."

சிந்து கேசரிச் சட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"உனக்குந்தான்" என்றாள் தங்கம். "எத்தனை வரன் வந்துச்சு? கடையை யாரு பாப்பாங்கன்னு ஒண்ணொண்ணா அவரு தட்டிவிட்டாரு. நீயும் சரின்னே. உன்னைய அந்த ஸ்டூலைவிட்டு எழுப்ப எனக்கு வேற வழி தெரியல."

"எழுப்பச் சொல்லி நான் கேட்டேனாம்மா? எனக்கு அந்தக் கடைதாம்மா உசிரு! அதை வித்துட்டா நான் யாரு?"

தங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு, யாருக்கோ ரகசியம் சொல்வதுபோல மெதுவாகப் பேசினாள்.

"நேத்து உள்ள போனப்போ அவிய காதுல சொல்லிட்டேன். பிள்ளைங்ககிட்ட பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிருங்கன்னு. குழாயெல்லாம் மாட்டிக்கிட்டு அசைவே இல்ல. அந்த டாக்டர் பிள்ளைகிட்ட எல்லாம் கேட்டியே… மயக்கத்துல கிடக்கவங்களுக்குக் காது கேக்குமாட்டி?"

சிந்து ஒரு வாரமாக அண்ணனிடம் தேடிய மனசாட்சி இங்கே, அடுப்பங்கரையில், கண்ணீர் வழிய நின்றுகொண்டிருந்தது. கோபப்படுவதா, கட்டிக்கொள்வதா?

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம். ஒன்றல்ல, இரண்டு கார். "வாங்க, வாங்க அண்ணாச்சி" என்று செண்பகம் வரவேற்கும் குரல் கேட்டது. இன்னும் ஒரு நிமிஷம். அதற்குள் ஹாலுக்குப் போய், அப்பா சம்மதிக்கவில்லை, அம்மா சொன்னது பொய் என்று சிந்து சொன்னால் கடை நிற்கும். ஆனால் சங்கத்து மனிதர்கள் முன்னால், மருமகள் முன்னால், தங்கம் இனி எப்படித் தலை நிமிர்ந்து நடப்பாள்? சொல்லாமல் விட்டால், நாளைக் காலையில் கண் திறக்கும் அப்பாவிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது?

"அம்மா, நீயே வந்து சொல்லும்மா" என்று கெஞ்சினாள். "நான் கையைப் பிடிச்சுக்கறேன். நாளைக்கு அப்பா கண் முழிக்கட்டும்னு மட்டும் சொல்லும்மா. கையெடுத்துக் கும்பிடறேன்."

தங்கம் உதட்டைக் கடித்துக்கொண்டு வேண்டாம் என்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தாம்பூலத் தட்டை எடுக்க ஜவஹர் அடுப்படிக்குள் நுழைந்தான். அழுகிற அம்மாவைப் பார்த்தான். எதிரே கைகூப்பி நின்ற தங்கையைப் பார்த்தான். ஓடிவந்து அம்மாவைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டான். தங்கமும் மகனுடைய நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"என்னைப் பொய்யன்னு சொன்னே, பொறுத்துக்கிட்டேன்" என்றான் சிந்துவிடம். "பெத்தவளையுமா சிந்து?"